இருபத்தொன்றாவது பெயருக்குப் பிறகு

போன மாதம் செல்வராணி வீட்டுக்கு வந்தாள். மதுரையில் விசேஷப் பயிற்சி முடித்துவிட்டு, போடிப் பக்கத்துப் பள்ளிகளுக்கு வாரம் ஒன்றாகச் சைக்கிளில் போய்வருகிற பெண். கையில் ஓர் அச்சடித்த படிவம். பேசாத, முகம் பார்க்காத, தனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்காக இப்போது அப்படி ஒன்று வந்திருக்கிறதாம். பெயர், வயது, தகப்பனார் தொழில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விரற்கடை இடம். கடைசியில் 'அடுத்துப் பொறுப்பேற்கும் ஆசிரியர் அறிய வேண்டியவை' என்று ஒரு கட்டம். அதற்கும் அதே ஒரு விரற்கடைதான்.

"இதுல என்ன டீச்சர் எழுதுறது? எல்லாரும் ஒரு கோட்டக் கிழிச்சு விட்டுர்றாக," என்றாள்.

பேச்சோடு பேச்சாக 'ஆட்டிசம்' என்றும் சொன்னாள். அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இருபத்தாறு வருடம் வகுப்பறையில் நின்று, நாற்பத்தெட்டு வயதில் விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவள் நான். சொல் இப்போதுதான் வந்திருக்கிறது. பிள்ளை பன்னிரண்டு வருடம் முன்னாலேயே வந்துவிட்டாள்.

செல்வராணியிடம் எழுதித் தருகிறேன் என்றேன். இது அதுதான்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு வருடம். கரும்பலகைக்கு முதுகு காட்டாமலும் பிள்ளைகளுக்கு முதுகு காட்டாமலும் ஒருக்களித்து நின்று எழுதக் கற்றுக்கொண்டேன். ஈர்க்குச்சியில் கணக்கு, களிமண்ணில் மலை, பாடக்குறிப்பில் சிவப்புக் கோடு. படிப்பு ஏறாத பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்கார வைக்கச் சொன்னார்கள். அதற்கும் பின்னால், சுவரைப் பார்த்து உட்காருகிற பிள்ளையைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

எழுபதுகளின் நடுவில் சின்னமனூரிலிருந்து குச்சனூர் போகிற வழியில் ஓர் ஒன்றியப் பள்ளியில் இருந்தேன். இரண்டு அறை, ஒரு வேப்பமரம். வேலி தாண்டினால் வாழைத் தோப்பு. தோப்புக்குள் வாய்க்கால். வாய்க்காலில் தண்ணீர் விட்ட மாதங்களில் பாடம் நடத்துகிறபோதே அது கேட்கும். யாரோ பக்கத்து அறையில் விடாமல் ரகசியம் பேசுகிற மாதிரி.

தலைமையாசிரியரை ஊரே பெரிய சார் என்றுதான் சொல்லும். பெரிய உருவம் இல்லை. வேட்டி காற்றில் ஆடினால் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஆனால் வருகைப் பதிவேட்டைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவிக்கொள்வார். முந்தி இருந்த ஊரில், வராத பிள்ளைகளுக்கும் வந்ததாகக் கோடு போட்டிருக்கிறார்கள். போட்டது வேறொருவர், தண்டனை இவருக்கு. அதிலிருந்து அவர் பள்ளியில் ஒரு சட்டம்: பெயர் கூப்பிட்டால் பிள்ளை தன் வாயால் 'உள்ளேன்' என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் கோடு. காலையில் ஒரு சாய்கோடு, மத்தியானம் அதற்கு எதிராக இன்னொன்று. குரல் வரவில்லை என்றால், எதிரே உட்கார்ந்திருந்தாலும், வரவில்லை.

"கண்ணு பொய் சொல்லும் டீச்சர். பெஞ்சுல உக்காந்திருக்கிறது நம்ம பிள்ளைதானா, பக்கத்து வீட்டுப் பிள்ளையான்னு கண்ணுக்குத் தெரியாது. குரல் பொய் சொல்லாது," என்பார்.

அந்தப் பள்ளிக்குத்தான் வீரணன் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாழைத்தார் சுமக்கிற ஆள். தோளில் வாழைக்கறை பட்டுப்பட்டுக் கறுத்த துண்டு. மகளுக்கு ஏழு வயது. சுருளியம்மாள். துண்டின் நுனியை அவள் பிடித்திருந்தாள். அவர் கையைப் பிடிக்கவில்லை.

"ஊமை இல்ல டீச்சர். அதை முதல்லயே சொல்லிர்றேன். டீக்கடை ரேடியோவுல நெல்லு வெலை சொன்னா அப்படியே ஒரு எழுத்து பெசகாமச் சொல்லுவா. ஆனா தாகமா இருந்தா தண்ணி கேக்கத் தெரியாது. பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டா. வீட்ல வச்சிருந்தா, அவ ஆத்தா களையெடுக்கப் போகையில கதவச் சாத்தி வச்சுட்டுத்தான் போக வேண்டியிருக்கு. பூட்டி வச்ச வீட்டுக்குள்ள ஒரு புள்ளைய விட்டுட்டு எப்படித் தாயி சொமையத் தூக்குறது?"

தாயி என்று என்னைச் சொன்னார். அவரைவிட நான் சின்னவள்.

பெரிய சார் சேர்த்துக்கொண்டார். சேர்க்கை எண் போட்டு, பெண் பிள்ளைகளின் கடைசியில், இருபத்திரண்டாவதாக எழுதினார். எழுதிவிட்டு, "பேரு எழுதியாச்சு. கோடு அவ கையில இருக்கு. மாசக்கணக்குல கோடே விழாட்டிப் பேரை நீக்கணும். அதுவும் சட்டம்தான்," என்றார்.

அப்படித்தான் அந்தக் கொடுமை தொடங்கியது. தினமும் முதல் ஆளாக வருகிற பிள்ளை, பதிவேட்டில் தினமும் வராத பிள்ளை. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். மடியில் புளியங்கொட்டை. நான் சுருளியம்மாள் என்பேன். வாய்க்கால்தான் பேசும். நான் 'வரவில்லை' என்று போடுவேன். என் கையால் போட்டேன், ஒரு பருவம் முழுக்க.

பள்ளிக்கூட மணி என்பது தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அதை அடித்தால் அவள் காதைப் பொத்திக்கொண்டு, முட்டிகளுக்கு நடுவே தலையைச் செருகிக்கொள்வாள். பெரிய சாரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை பார்த்தால், பெரிய சார் சுத்தியலின் தலையில் சாக்குத் துணியைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். "எத்தனை தடவை அடிக்கணும்னுதான் சட்டம். எம்புட்டுச் சத்தமாங்கிறது சட்டத்துல இல்ல," என்றார். பாடம் மாறினாலும் அவள் கலங்குவாள். அதனால் சுவரில் ஐந்து ஆணி அடித்தேன். சிலேட்டு, மணிச்சட்டம், சாப்பாட்டுத் தட்டு, விளக்குமாறு, பை. ஒவ்வொன்றும் முடிந்ததும் அந்த ஆணியில் இருப்பதை எடுத்துவிடுவேன். ஆணி வெறுமையானால் அது முடிந்தது. கடைசியில் பையும் போனால் வீடு. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சொற்களால் நாளைப் பிடித்துக்கொள்ள முடியாதவளுக்கு, கண்ணால் பிடித்துக்கொள்ள ஐந்து கொம்பு வேண்டியிருந்தது. அந்த ஐந்து ஆணி வந்த பிறகு அழுகை பாதியாகக் குறைந்தது.

புளியங்கொட்டையைக் கவனித்தது ராபியாதான். பதிவேட்டில் இருபத்தொன்றாவது பெயர். அவளுடைய அத்தா சைக்கிளில் துணி விற்கிறவர். மகளுக்கும் எதையும் அளந்து பார்க்கிற கண்.

"டீச்சர், நீங்க பேரு வாசிக்கையில அவ கொட்டை வைக்கிறா."

மறுநாள் வாசித்துக்கொண்டே பார்த்தேன். அழகர்சாமி, ஒரு கொட்டை. குபேந்திரன், அடுத்த கொட்டை. மாயாண்டி, அந்தோணி, சின்னமாயன். பதின்மூன்று பையன்கள் ஒரு வரிசை. பிறகு பெண் பிள்ளைகள்: ஈஸ்வரியில் தொடங்கி ராபியா வரை எட்டுக் கொட்டை இன்னொரு வரிசை. தன் பெயருக்கு வைக்கவில்லை. ராபியாவின் கொட்டைக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை மாதமும் அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

சோதித்துப் பார்க்கிறேன் என்று மறுநாள் பெண் பிள்ளைகளை முதலில் வாசித்தேன். செய்திருக்கக் கூடாது. நாலு பெயர் தாண்டவில்லை, தலையைச் சுவரில் மோதத் தொடங்கினாள். பெரிய சார் ஓடிவந்து சுவருக்கும் அவள் நெற்றிக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தார். அவள் ஓயும் வரைக்கும் கையை எடுக்கவில்லை. மறுநாள் அந்தக் கை வீங்கியிருந்தது. இடக்கையால் பதிவேட்டைப் புரட்டினார்.

அதிலிருந்து வரிசையை மாற்றவில்லை. வேறொன்று செய்தேன். ராபியா வரை வாசித்துவிட்டு, அவள் பெயரை மட்டும் சொல்லாமல் நிறுத்தினேன். மனதுக்குள் முப்பது எண்ணுவேன். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பின்வரிசையில் சின்னமாயன், "ஏலே, செவுரு இன்னைக்காவது பேசுமாலே?" என்பான். முப்பது முடியும். நான் 'வரவில்லை' என்று போடுவேன்.

எத்தனை நாள் என்று எண்ணவில்லை. தை பிறந்து, தோப்பில் தார் வெட்டு நடந்துகொண்டிருந்தது. ராபியா 'உள்ளேன் டீச்சர்' என்றாள். நான் நிறுத்தினேன். பத்தோ பன்னிரண்டோ எண்ணியிருப்பேன். சுவரிலிருந்து என் குரல் வந்தது.

"சுருளியம்மாள்."

சின்ன இடைவெளி.

"உள்ளேன் டீச்சர்."

இரண்டையும் அவளேதான் சொன்னாள். முதலாவதை என் குரலில், என் இழுவையோடு. இரண்டாவதை ராபியாவின் குரலில். பிறகு ராபியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "டீச்சர், உங்கள மாதிரியே மூக்கால பேசுறா!"

எனக்கு அப்போது சளி பிடித்திருந்தது. அதையும் சேர்த்துத்தான் பிள்ளை எடுத்து வைத்திருந்தாள்.

பெரிய சாரைக் கூப்பிட்டேன். மத்தியானம் அவரே நின்று கேட்டார். அதே மாதிரி. அதே இடத்தில். மேசையில் கை ஊன்றி யோசித்தார்.

"கூப்பிட்டதும் அவ. பதில் சொன்னதும் அவ. இது செல்லுமா டீச்சர்?"

"குரல் பொய் சொல்லாதுன்னு நீங்கதான சார் சொன்னீக?"

போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். பேனாவை வாங்கி அவர் கையாலேயே அந்தக் கோட்டைப் போட்டார். அழுத்திப் போட்டதில் மறுபக்கம் வரைக்கும் மை ஊறிவிட்டது. அந்தத் தாளை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

இதுவரைக்கும் எழுதுவது எளிது. இனிமேல் எழுத வேண்டியதைத்தான் பதினோரு வருடமாகத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த வருடம், புரட்டாசி. மத்தியான உணவுக்குக் கோதுமை ரவை வரவில்லை. வண்டி வரும் வரும் என்று பார்த்துவிட்டு, பிள்ளைகளை வீட்டில் போய்ச் சாப்பிட்டு வரச் சொன்னோம். அப்பா அம்மா வேலைக்குப் போன பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள். நான் மாதக் கணக்கெடுப்பு எழுதிக்கொண்டிருந்தேன். சாப்பாடு இல்லை. ஆனால் மூன்றாவது ஆணியில் தட்டு தொங்கிக்கொண்டே இருந்தது. எடுக்க மறந்துவிட்டேன். வர வேண்டியது வரவில்லை, முடிய வேண்டியது முடியவில்லை. அந்தத் தட்டுக்குக் கீழே அவள் எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. தலை நிமிர்ந்து பார்த்தபோது ஆள் இல்லை. கதவு திறந்து கிடந்தது.

பெரிய சாரிடம் சொன்னேன். முகம் சாம்பலாகிவிட்டது. "நான் பிள்ளைகளப் பாத்துக்கிறேன். நீங்க தோப்புப் பக்கம் போங்க. தண்ணி இருக்கு டீச்சர்," என்றார். தண்ணீர் இருக்கிறது என்பதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்குமே தெரியும். மடையில் நீர் திரும்புவதைப் பார்த்தால் அவள் உலகத்தையே விட்டுவிடுவாள்.

தோப்புக்குள் ஓடினேன். வாழை, வாழைக்குப் பின்னால் வாழை. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே பச்சை, அதே சருகு. கஞ்சி குடிக்கிற வேளை, வேலையாட்கள் ஒருவரும் இல்லை. "சுருளி! சுருளி!" என்று கத்தினேன். இலை கிழிகிற சத்தம்தான். எவ்வளவு கத்தினாலும் அந்தப் பெயர் அவளைத் தொடாது என்பது எனக்கே தெரியும். ஆனாலும் பயத்தில் மனிதர்களுக்குத் தெரிந்த ஒரே வேலை பெயரைச் சொல்லிக் கத்துவதுதான்.

பிறகு எப்படித் தோன்றியதோ, நின்றேன். மூச்சை வாங்கிக்கொண்டு, பதிவேடு கையில் இருக்கிற மாதிரி, அதே இழுவையில் தொடங்கினேன்.

"அழகர்சாமி. குபேந்திரன். மாயாண்டி. அந்தோணி. சின்னமாயன்..."

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு 'உள்ளேன்' அளவு இடைவெளி விட்டேன். வாழைகள்தான் வகுப்பு. பையன்கள் முடிந்தார்கள். ஈஸ்வரி. பாண்டியம்மாள். ஒவ்வொருத்தியாக வந்து, கடைசியில் ராபியா. நிறுத்தினேன்.

இடப்பக்கம், கொஞ்சம் பள்ளத்தில், என் குரல் என்னைக் கூப்பிட்டது.

"சுருளியம்மாள்... உள்ளேன் டீச்சர்."

வாய்க்காலில் முழங்கால் வரைக்கும் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். கரையில் உதிர்ந்த பூமடல்களைச் செக்கச்செவேல் என்று வரிசையாக வைத்திருந்தாள். எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று. கீழே எட்டு.

திரும்பி வந்தபோது பெரிய சார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே குடித்தார்.

"எப்படிக் கெடைச்சா?"

சொன்னேன். செம்பைக் கீழே வைத்தார். அப்புறம், "வீரணனுக்குச் சொல்லி அனுப்பணும்," என்றார்.

"வேண்டாம் சார்."

"டீச்சர்."

"சொன்னா நிறுத்திருவாக சார். பள்ளிக்கூடத்துல இருந்தே புள்ள தொலைஞ்சு போச்சுன்னா எந்தத் தகப்பன் அனுப்புவாரு? மறுபடி கதவச் சாத்தி வைப்பாக. இம்புட்டுத் தூரம் வந்த புள்ள சார்."

அவள் பேரைக் காப்பாற்றத்தான் சொன்னேன். என் பேரைக் காப்பாற்றவும்தான். எது எவ்வளவு என்று இன்று வரைக்கும் என்னால் பிரிக்க முடியவில்லை.

பெரிய சார், ஒன்றும் நடக்காத மாதிரி, அவளுடைய மத்தியான வருகைக்குக் கோடு போட்டார். கை கழுவாமல் போட்டார். அதைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். பின்னாளில், எல்லாம் முடிந்த பிறகு, நான் எழுதிய கடிதத்துக்கு அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ஒரே வரி. "நீங்கள் மட்டும் அல்ல, கோடு போட்டது என் கை."

அடுத்து வந்த கோடையில் அவர் ஓய்வுபெற்று அருப்புக்கோட்டைப் பக்கம் போய்விட்டார். ஜூன் மாதம் எனக்குக் கோம்பைக்கு மாறுதல் வந்தது. போவதற்கு முன் ஒப்படைப்புப் பட்டியல் எழுத வேண்டும். எழுதினேன். மேசை இரண்டு. நாற்காலி மூன்று, ஒன்று கால் உடைந்தது. உலக உருண்டை ஒன்று. தமிழ்நாட்டு வரைபடம் ஒன்று, ஓரம் கிழிந்தது. மணிச்சட்டம். தண்டவாளத் துண்டு. சாக்குத் துணி சுற்றிய சுத்தியல். ஆணிகளைக்கூட எழுதினேன், ஐந்து என்று. எட்டு இனம். புதிதாக வந்த டீச்சர் ஒவ்வொன்றையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

பதிவேட்டை நீட்டும்போது வாயால் சொன்னேன். "இந்தப் பேர் வரிசைய மட்டும் மாத்தாதீங்க."

"ஏன் டீச்சர்?"

ஏன் என்று சொன்னால், எதற்காக அது அவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அந்த மத்தியானத்தைச் சொல்ல வேண்டும். "பிள்ளைகளுக்குப் பழகிப் போச்சு," என்றேன். அவர் தலையாட்டினார். நல்ல பெண். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. புதிய தலைமையாசிரியர் அகர வரிசையில் எழுதச் சொல்லியிருக்கிறார், இவரும் எழுதியிருக்கிறார். சுருளியம்மாள் ஒன்பதாவதாகப் போனாள். ராபியா கடைசிக்குப் போனாள்.

கோம்பையில் எனக்கு எழுபது பிள்ளைகள். ஆடி கழியப் போகிற சமயம். ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்தினார் ராபியாவின் அத்தா. துணி மூட்டையை இறக்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, விற்க வரவில்லை என்று.

"அந்த வீரணன் புள்ள இருந்துச்சுல்ல டீச்சர். பேரு கூப்பிடையில எல்லாம் தலைய மோதிக்கிருச்சாம். வீட்டுலயே வச்சுக்கங்கன்னு சொல்லிட்டாக. அவுக, சனீஸ்வரனுக்கு எள்ளு விளக்குப் போட்டா சரியாகும்னு மொத ஆடிச் சனிக்கு குச்சனூருக்குக் கூட்டிட்டுப் போயிருக்காக. அம்புட்டுக் கூட்டம். துண்டு நுனியப் பிடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சாம். விளக்கு ஏத்த ரெண்டு கையும் வேணும்ல? ஏத்திட்டுத் திரும்பினா துண்டுதான் தொங்குதாம்."

"எப்ப?"

"மூணு வாரமாச்சு. ஊரே போயித் தேடுச்சு டீச்சர். நானும் போனேன். ஆத்தங்கரை, தோப்பு, வயக்காடு எல்லாம். சுருளி சுருளின்னு கத்திக் கத்தி எல்லாத்துக்கும் தொண்டை கட்டிப் போச்சு. எங்க வீட்டுப் புள்ளகூட வந்து கத்துச்சு."

ராபியாவும் கத்தியிருக்கிறாள். அவள் தன் பெயரைச் சொல்லியிருந்தால் போதும். தோழியின் பெயரைத்தான் சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும்? வகுப்பில் நடந்ததுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். தோப்பில் நடந்தது எனக்கும் பெரிய சாருக்கும் மட்டும்தான் தெரியும்.

செல்வராணி, உன் கட்டத்துக்கு இதுதான் பதில். பிள்ளை எதற்குத் திரும்புகிறது, எதற்கு அழுகிறது, எந்த வரிசையில் உலகம் அதற்கு நிற்கிறது என்று எழுது. இடம் போதாது என்றால் தாளை ஒட்டி எழுது. நீ தப்பு செய்த நாளில் தெரிந்துகொண்டதை முதலில் எழுது. அதைத்தான் மறைக்கத் தோன்றும். அடுத்தவருக்கு அதுதான் வேண்டும்.

ராபியாவின் அத்தா வந்து சொன்னதற்கு மறு சனிக்கிழமை குச்சனூருக்குப் போனேன். கடைசி ஆடிச் சனி. கறுப்புத் துணியும் எள்ளெண்ணெய்ப் புகையும், பொரியும் உப்பும் வாங்கச் சொல்லிக் கூப்பிடுகிற குரல்களும். சுரபி ஆற்றில் தலை முழுகுகிற ஆட்களுக்கு நடுவே இறங்கி, கூட்டம் ஓய்கிற இடம் வரைக்கும் கரையோடு நடந்தேன். ஒரு நாணல் புதர்ப் பக்கம் நின்று தொடங்கினேன். அழகர்சாமி. குபேந்திரன். துணி துவைத்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி, "யாத்தி, என்னா பாவமோ, இம்புட்டுப் பேரத் தொலைச்சுட்டு நிக்குது," என்றாள். ராபியா வரை வந்து நிறுத்தினேன். முப்பது எண்ணினேன். இன்னும் கொஞ்ச தூரம் போய் மறுபடி அழகர்சாமியில் தொடங்கினேன். அன்று எத்தனை தடவை வகுப்பு எடுத்தேனோ.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. வீரணன். தாடி வளர்ந்திருந்தது. தோளில் அதே துண்டு. மூன்று வாரமாக அங்கேதான் இருக்கிறார் என்று அப்புறம் தெரிந்தது. பகலில் மூட்டை தூக்குவது, மற்ற நேரம் தேடுவது.

"என்ன டீச்சர் இது? பள்ளிக்கூடத்துப் புள்ளைக பேரால்ல இருக்கு?"

சொன்னேன். கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தட்டை, திறந்து கிடந்த கதவை, தோப்பை, எங்களுக்குள் பேசி மறைத்ததை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நானும் இந்தப் பேர்களப் படிச்சு வச்சிருப்பேனே டீச்சர்," என்றார். "எழுதத்தான் வராது. மனப்பாடம் நல்லா வரும் எனக்கு."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை என்னால் முன்பே எழுதியிருக்க முடியும்.

"இப்பச் சொல்லுங்க. மொதல்ல இருந்து ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

"வீரணன், மூணு வாரமாச்சு..."

"சொல்லுங்க டீச்சர்."

சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். சின்னமாயனுக்கும் அந்தோணிக்கும் இடம் மாற்றிச் சொன்னார், திருத்தினேன். "இழுத்துச் சொல்லணும். அவளுக்கு அந்த இழுவை வேணும்," என்றேன். தார் சுமந்து தடித்த அந்தக் கழுத்திலிருந்து என் இழுவைக் குரலைக் கொண்டுவரப் பார்த்தார். நாலாவது தடவையில் பிசகாமல் ராபியா வரைக்கும் வந்துவிட்டார். எழுந்து நின்று, ஆற்றைப் பார்த்து, முழுக்கத் தனியாக ஒரு தடவை சொன்னார்.

அந்த வருடத்துக்கு அப்புறம் நான் எந்த வகுப்பில் பெயர் வாசித்தாலும் இருபத்தொன்றாவது பெயர் வந்ததும் நின்றுவிடுவேன். கோம்பைப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். நான்தான் பழகவில்லை. ஓய்வு எழுதிக்கொடுத்ததற்கு உடல்நிலை என்று காரணம் போட்டேன்.

அன்று ஆற்றங்கரையில் ராபியா என்று சொல்லிவிட்டு வீரணன் என் பக்கம் திரும்பினார்.

"இங்கன நிறுத்தணும். அம்புட்டுத்தான?"

"ஆமா. இங்கன நிறுத்தணும்."

"எம்புட்டு நேரம் டீச்சர்?"

வகுப்பில் நான் முப்பது எண்ணுவேன். அந்த முப்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.